அமெரிக்கப் பல்கலை: பேரைப் பார்ப்பதா, பில்லைப் பார்ப்பதா?

ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் என் போனுக்கு ஓய்வு கிடையாது. நான் டாலஸ் பக்கம் பிளேனோவில் இருக்கும் சாதாரண ஐ.டி. ஆசாமி. ஆனால் ஊரில் உள்ள சொந்தக்காரர்களுக்கு, அமெரிக்காவில் இருப்பவன் என்றால் எல்லாப் பல்கலைக்கழகத்தையும் கரைத்துக் குடித்தவன் என்று ஒரு நினைப்பு. "தம்பி, பையனுக்கு ரெண்டு யுனிவர்சிட்டியில அட்மிஷன் வந்திருக்கு. எது பெருசு?" என்று கேட்பார்கள்.

மார்ச் கடைசிக்குள் பெரும்பாலான பெரிய பல்கலைக்கழகங்களின் முடிவுகள் வந்துவிடும். இளநிலைப் படிப்பு என்றால் மே 1-க்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும். நடுவில் இருப்பது ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்தில் பல குடும்பங்கள் தங்கள் வாழ்நாளின் மிகப் பெரிய செலவை முடிவு செய்கின்றன. வீடு வாங்கும்போதுகூட பத்து இடம் பார்ப்போம், வில்லங்கச் சான்றிதழ் எடுப்போம். இதற்கு மட்டும் "எது பெருசு?" என்ற ஒரு கேள்வியோடு முடித்துவிடுகிறோம்.

2025 ஏப்ரலில் அந்தக் கேள்வி என் சொந்த அக்கா வீட்டிலிருந்தே வந்தது.

"யுனிவர்சிட்டி இல்லையா, காலேஜா?"

அக்கா வீடு திருச்சியில். அத்தான் பெல் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். அவர்களுக்கு ஒரே பொண்ணு. கணக்கில் கெட்டி. பிளஸ் டூ படிக்கும்போதே தானே தேடித்தேடி அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். கடைசியில் கையில் இரண்டு அட்மிஷன். ஒன்று கலிபோர்னியாவில் பெர்க்லி. இன்னொன்று மாசசூசெட்ஸில் ஆமர்ஸ்ட் காலேஜ்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி எனக்கு வீடியோ கால் வந்தது. அங்கே ஞாயிறு காலை. அத்தான் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, பெர்க்லி தெரியும். உலகத்துக்கே தெரியும். இந்த இன்னொன்ன க்யூஎஸ் பட்டியல்ல தேடுறேன், பேரே இல்ல. அதுவும் யுனிவர்சிட்டி இல்ல, காலேஜாம்ல?"

அவரைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் காலேஜ் என்றால் பல்கலைக்கழகத்துக்குக் கீழே இருப்பது. அமெரிக்காவில் அப்படியில்லை. ஆமர்ஸ்ட், வில்லியம்ஸ், பௌடன் மாதிரி இடங்கள் இளநிலை மாணவர்களுக்காகவே இருக்கும் தனிக் கல்லூரிகள். முனைவர் பட்டம் கிடையாது, மருத்துவக் கல்லூரி கிடையாது. ஆராய்ச்சிக் கட்டுரைகளை எண்ணும் உலகத் தரவரிசையில் இவை வராததற்கு அதுதான் காரணம். அமெரிக்காவுக்குள் யுஎஸ் நியூஸ் பத்திரிகை இவற்றுக்கென்று தனிப் பட்டியலே வைத்திருக்கிறது. அதில் வில்லியம்ஸும் ஆமர்ஸ்டும் பல வருஷமாக உச்சியில் இருப்பவை.

இதில் இன்னொரு குழப்பம் வேறு. அதே ஊரில் மாநில அரசின் பல்கலைக்கழகமும் இருக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் தமிழ் நண்பரே "ஓ, யுமாஸா?" என்றார். அது வேறு, இது வேறு.

"நீதான்டா தாய்மாமன். நீ சொல்றதுதான் முடிவு" என்று அக்கா சொல்லிவிட்டாள். சீர் செய்வதோடு தாய்மாமன் கடமை முடிந்துவிடவில்லை போலிருக்கிறது.

இரண்டு கடிதம், இரண்டு கணக்கு

நான் முதலில் கேட்டது, "ரெண்டு இடத்துலயும் பண உதவி பத்தி என்ன எழுதியிருக்காங்க?" என்றுதான்.

பெர்க்லியில் வெளிநாட்டு மாணவருக்கு, வெளிமாநிலத்தவருக்கான கூடுதல் கட்டணம் உண்டு. தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு எல்லாம் சேர்த்தால் வருஷத்துக்கு 80,000 டாலருக்கு மேல் ஆகும். குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் உதவி வெளிநாட்டு மாணவர்களுக்குப் பொதுவாகக் கிடையாது. இதைத் தப்பென்றும் சொல்ல முடியாது. அது கலிபோர்னியா மாநிலத்தின் பல்கலைக்கழகம். அவர்கள் முதலில் தங்கள் மாநிலப் பிள்ளைகளைத்தான் பார்ப்பார்கள்.

நான்கு வருஷத்துக்கு 3,20,000 டாலர். ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்தாலும் 2 கோடியே 72 லட்சம். அத்தான் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தார். லால்குடி ரோட்டில் அவர் அப்பா வாங்கிய நிலத்தை விற்பது, பி.எஃப். பணத்தை எடுப்பது, மீதிக்கு வங்கிக் கடன்.

ஆமர்ஸ்டின் முழுச் செலவு வருஷத்துக்கு 90,000 டாலருக்கும் மேல். பெர்க்லியைவிட அதிகம். ஆனால் அவர்கள் அனுப்பிய கடிதத்தில் குடும்பம் கட்ட வேண்டிய தொகை 8,000 டாலருக்குள் இருந்தது. மீதியில் பெரும்பகுதி திருப்பிக் கொடுக்க வேண்டாத உதவித்தொகை, சிறு பகுதி கேம்பஸுக்குள் வேலை பார்த்து அவளே சம்பாதிப்பது. கடன் என்ற வரியே இல்லை.

"அவ்வளவு மார்க்கா எடுத்திருக்கா?" என்று அக்கா ஆச்சரியப்பட்டாள். இங்கேதான் நம்மவர்கள் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். நமக்கு ஸ்காலர்ஷிப் என்றால் மார்க்குக்குக் கொடுப்பது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் உட்பட ஐவி லீக் எட்டிலும் மார்க்குக்கோ விளையாட்டுக்கோ ஸ்காலர்ஷிப் கிடையாது. ஆமர்ஸ்டிலும் கிடையாது. அங்கெல்லாம் குடும்பத்தால் எவ்வளவு முடியும் என்று பார்த்து, மீதியை அவர்கள் போடுவார்கள். அதற்காகத்தான் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற நீண்ட படிவம். அத்தானின் சம்பளம், வீட்டு மதிப்பு, லால்குடி நிலம் எல்லாம் அதில் போயிருந்தது. "வருமான வரிக்காரன்கூட இவ்வளவு கேட்டதில்ல" என்று அத்தான் அப்போது புலம்பியிருக்கிறார்.

இன்னொரு விஷயம். பணம் கேட்டால் அட்மிஷன் கிடைக்காது என்று ஒரு பயம் நம்மிடம் உண்டு. அது பாதிதான் உண்மை. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆமர்ஸ்ட், டார்ட்மவுத், பௌடன் ஆகிய இடங்களில் வெளிநாட்டு மாணவர் பண உதவி கேட்கிறாரா என்பதைப் பார்க்காமலேயே தேர்வு செய்கிறார்கள். 2025 இலையுதிர்காலத்தில் சேரும் வகுப்பிலிருந்து பிரவுனும் இதில் சேர்ந்துகொண்டது. ஸ்டான்ஃபோர்டு, கொலம்பியா போன்ற இடங்களில் உதவி கேட்பதும் தேர்வில் ஒரு காரணியாகும். ஆனால் எடுத்துவிட்டால் தேவையான அளவு உதவி செய்வார்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் "நாங்களே கட்டிக்கறோம்" என்று படிவத்தில் டிக் அடித்துவிட்டு, அட்மிஷன் வந்த பிறகு உதவி கேட்டுப் பலனில்லாமல் நின்ற குடும்பங்களை எனக்குத் தெரியும்.

நான் செய்த தேர்வு

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் அத்தானுக்கு மனசு கேட்கவில்லை. "நிலம் போனா போகுது மாப்ள. பெர்க்லின்னு ஒரு பேரு இருந்தா அவ வாழ்க்கையே மாறிடும்ல?" அவள் அம்மா பக்கத்தில் பேசாமல் இருந்தாள். அந்தப் பொண்ணோ, திரையின் ஓரத்தில் பாதி முகம்தான் தெரிந்தது.

அப்போதுதான் நான் என் கதையைச் சொன்னேன். அக்காவுக்குத் தெரியும். அத்தானுக்குப் பாதிதான் தெரியும்.

2013-ல் நான் எம்.எஸ். படிக்க வந்தேன். என் கையிலும் இரண்டு அட்மிஷன். ஒன்று கிழக்குக் கரையில் ஒரு பெரிய பெயர். இன்னொன்று நடுமேற்கில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம். அங்கே ஒரு பேராசிரியர் கட்டணச் சலுகையோடு ஆராய்ச்சி உதவியாளர் வேலை தருவதாக எழுதியிருந்தார். நான் யோசிக்கவே இல்லை, பெரிய பெயரை எடுத்தேன். ஸ்ரீரங்கம் வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்து அப்பா 25 லட்சம் கடன் வாங்கினார்.

அந்த வருஷம் தொடக்கத்தில் ஒரு டாலர் 55 ரூபாய் சுற்றி இருந்தது. நான் விமானம் ஏறிய ஆகஸ்ட் மாதக் கடைசியில் 68-ஐத் தொட்டது. 45,000 டாலர் என்று நினைத்திருந்த கடன், அந்த விலையில் 37,000 டாலராகச் சுருங்கியது. அப்புறம் கொஞ்சம் இறங்கினாலும் பழைய 55-க்குத் திரும்பவே இல்லை. முதல் செமஸ்டரிலேயே கடன் மேல் கடன்.

படிப்பில் குறை சொல்ல மாட்டேன். நல்ல வாத்தியார்கள், நல்ல நண்பர்கள். ஆனால் முடித்து வெளியே வந்தபோது என்னால் எந்த வேலையையும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. ஓபிடி-யின் முதல் வருஷத்தில் மொத்தமாக 90 நாள்தான் வேலையில்லாமல் இருக்கலாம். ஒரு பக்கம் அந்தக் கணக்கு, இன்னொரு பக்கம் வங்கித் தவணை. கிடைத்த முதல் கன்சல்டிங் கம்பெனியில் சேர்ந்தேன். எச்-1பி குலுக்கலில் முதல் தடவை பேர் வரவில்லை. 2017 பிப்ரவரியில் அப்பாவுக்குத் திருக்கடையூரில் மணிவிழா. ஊருக்குப் போய்த் திரும்பும்போது காட்ட வேலைக் கடிதம் கேட்டேன். கம்பெனி இழுத்தடித்தது. கடிதம் இல்லாமல் போய், திரும்ப உள்ளே விடவில்லை என்றால் ஸ்ரீரங்கம் வீடு என்ன ஆகும்? நான் போகவில்லை. அப்பா அம்மா மாலை மாற்றியதை அதிகாலையில் போனில் பார்த்தேன். அன்றைக்கு எட்டு மணிக்கு எனக்கு ஆபீஸ்.

"அந்தப் பெரிய பேர் உங்களுக்கு உதவவே இல்லையா மாமா?" என்று அதுவரை பேசாமல் இருந்த என் மருமகள் கேட்டாள்.

உதவியது. ரெஸ்யூமேயில் ஒரு வரியாக இருந்தது. நாலைந்து இடத்தில் கதவைத் திறந்திருக்கும். ஆனால் நல்ல கதவு திறக்கும் வரை காத்திருக்க என்னிடம் நேரம் இல்லை. கடனில்லாமல் படித்த என் நண்பன், நடுமேற்கிலிருந்தே வந்தவன், இரண்டு வேலையை மறுத்துவிட்டு மூன்றாவதில் சேர்ந்தான். அவன் என்னைவிடக் கெட்டிக்காரன் இல்லை. அவனால் மறுக்க முடிந்தது, அவ்வளவுதான்.

பேப்பரில் எழுதிய கேள்விகள்

அத்தானிடம் நான் எந்தக் கல்லூரி என்று சொல்லவில்லை. ஒரு பேப்பரை எடுத்து நடுவில் கோடு போட்டு, இரண்டு பக்கமும் பதில் எழுதச் சொன்னேன். யாருக்காவது பயன்படும் என்பதால் அந்தக் கேள்விகளை இங்கேயும் சொல்கிறேன்.

படிப்பு முடியும் நாளில் எவ்வளவு கடன் இருக்கும், அதில் யார் கையெழுத்து இருக்கும்? இதுதான் முதல் கேள்வி.

கட்டணம் வருஷா வருஷம் ஏறும். உதவித்தொகையும் கூடவே ஏறுமா, இல்லை முதல் வருஷத் தொகையே நான்கு வருஷத்துக்குமா? அப்பா ஓய்வு பெற்றால் திரும்பக் கணக்குப் போடுவார்களா?

கடிதத்தில் வராத செலவு என்ன? விமான டிக்கெட், குளிர்கால உடை, விடுதி மூடும் கோடைக்காலத்தில் தங்கும் இடம். உதவித்தொகையில் கல்விக் கட்டணத்துக்குப் போகும் பகுதிக்கு வரி இல்லை. ஆனால் தங்குமிடம், சாப்பாட்டுக்கான பகுதிக்கு வரி உண்டு. இந்திய மாணவர்களுக்கு இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின்படி ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கழிவு கிடைப்பது ஒரு ஆறுதல்.

படிக்க நினைக்கும் பாடத்தில் சேர முடியுமா? என் மருமகளுக்குக் கணக்கோடு கம்ப்யூட்டர் சயின்ஸும் படிக்க ஆசை. பெர்க்லியில் அவளுக்குக் கிடைத்தது கணக்குக்கு. அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸில் நேரடியாகச் சேராதவர்கள் பிறகு அதற்கு மாறுவது இப்போது மிகக் கடினம். ஆமர்ஸ்டில் முதலாண்டு செமினார் ஒன்றைத் தவிர கட்டாயப் பாடமே இல்லை. இரண்டாம் வருஷக் கடைசிக்குள் முடிவு செய்தால் போதும். இது பெர்க்லியின் குறை இல்லை. முதல் நிலை கம்ப்யூட்டர் வகுப்பிலேயே ஆயிரம் பேருக்கு மேல் உட்காரும் இடம் அது. எல்லோருக்கும் இடம் கொடுக்க முடியாது. ஆமர்ஸ்டில் கல்லூரி முழுக்கவே சுமார் 1,900 பேர்தான்.

கடைசிக் கேள்வி: விசா கிடைக்கவில்லை, அல்லது படித்த பிறகு வேலை கிடைக்காமல் திரும்ப வேண்டி வந்தால் என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்கு அத்தான் பெர்க்லி பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. இரண்டு நாள் கழித்து அக்கா அனுப்பிய போட்டோவில் அந்த இடம் காலியாகவே இருந்தது.

மறுபக்கமும் உண்டு

பெர்க்லியை விட்டதால் நஷ்டமே இல்லை என்று சொன்னால் அது பொய். சிலிக்கான் வேலி பக்கத்தில் இருக்கும் வசதி பெரிது. நாளைக்கு அவள் இந்தியா திரும்பினால் சென்னையில் இருக்கும் எச்.ஆர். "ஆமர்ஸ்டா? எங்கே இருக்கு?" என்று கேட்கலாம். பெர்க்லி என்றால் அந்தக் கேள்வியே வராது. ஆமர்ஸ்ட் சின்ன ஊர். பாஸ்டனுக்கு இரண்டு மணி நேரம். குளிர் வேறு. மே 1-க்கு முந்தின ராத்திரி அவள் அழுதாள் என்று அக்கா சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பெர்க்லி கிடைத்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. விடுவது என்றால் காரணம் சொல்ல வேண்டுமே.

கையில் பணம் இருக்கிறது, நான்கு வருஷச் செலவு போனாலும் குடும்பம் ஆடாது என்பவர்கள் பெர்க்லிக்குத் தாராளமாகப் போகலாம். போக வேண்டும். நான் சொல்வது நிலத்தையும் வீட்டையும் வைத்துப் போகிறவர்களுக்கு.

இங்கே அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. என் பக்கத்துத் தெரு நண்பரின் மகள் மூன்று வயதில் இங்கே வந்தவள். டெக்சாஸ் ஆங்கிலம்தான் பேசுவாள். கிரீன் கார்டு வரிசையில் குடும்பமே நிற்கிறது, அவள் எச்-4 விசாவில். கல்லூரி விண்ணப்பம் போடும்போதுதான் பல தனியார் பல்கலைக்கழகங்களின் கணக்கில் தான் வெளிநாட்டு மாணவி என்பது அவளுக்குத் தெரிந்தது. மத்திய அரசின் கல்வி உதவியும் கிடையாது. 21 வயதானால் அப்பாவின் விசாவிலிருந்து வெளியே வந்து மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். டெக்சாஸ் போன்ற சில மாநிலங்களில் எச்-4 பிள்ளைகளுக்கும் உள்மாநிலக் கட்டணம் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. வீட்டில் எச்-4 பிள்ளை இருந்தால் ஒன்பதாம் வகுப்பிலேயே இதை உட்கார்ந்து பேசுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் பேசினால் பிள்ளைக்கு அது அதிர்ச்சியாக இருக்கும்.

மே மாதம் நடந்தது

ஏப்ரல் 30-ம் தேதி ஆமர்ஸ்டுக்குச் சரி என்று அனுப்பியாயிற்று. ஒரு மாதம்கூட நிம்மதியாகப் போகவில்லை.

2025 மே 22 அன்று ஹார்வர்ட் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் அனுமதியை அமெரிக்க அரசு ரத்து செய்தது. மறுநாளே நீதிமன்றம் தடுத்தது. ஆனால் உலகம் முழுக்கப் பெற்றோர்களுக்குத் தூக்கம் போய்விட்டது. அடுத்த வாரம், புதிய மாணவர் விசா நேர்காணலுக்கு நேரம் கொடுப்பதையே நிறுத்தி வைத்தார்கள். ஜூன் பாதி தாண்டித்தான் மறுபடி ஆரம்பித்தது, கூடவே சமூக வலைதளக் கணக்குகளைத் திறந்து காட்ட வேண்டும் என்ற விதியும் வந்தது. ஹார்வர்டுக்கே இந்த நிலை என்றால் எந்தப் பெரிய பெயரும் வெளிநாட்டு மாணவருக்குக் கேடயம் ஆகாது என்று அப்போது புரிந்தது.

அக்கா தினமும் போன் பண்ணினாள். அத்தான்தான் அலட்டிக்கொள்ளவில்லை.

"வரலைன்னா என்ன மாப்ள? செவிஸ் கட்டணம் 350 டாலர், விசா கட்டணம் 185 டாலர் போகும். ஒரு வருஷம் கழிச்சுப் போகட்டும், இல்ல இங்கயே ஏதாவது சேரட்டும். நிலம் அப்படியேதானே இருக்கு."

பேப்பரில் காலியாக விட்ட இடத்துக்கு எதிர்ப் பக்கத்தில் அவர் எழுதியிருந்த பதில் கிட்டத்தட்ட இதுதான். அந்த நிலத்தை விற்றுவிட்டு, முதல் தவணையும் கட்டிவிட்டு அந்த ஜூன் மாதத்தைக் கடந்திருந்தால் அந்த வீடு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். ஜூலையில் சென்னை துணைத் தூதரகத்தில் அவளுக்கு விசா கிடைத்தது. ஆகஸ்டில் கிளம்பினாள்.

அப்புறமும் விதிகள் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. இங்கேயே படித்து, இங்கிருந்தே விசா நிலையை மாற்றிக்கொள்பவர்களுக்கு அது பொருந்தாது என்று அடுத்த மாதம் விளக்கம் சொன்னார்கள். அவள் படிப்பை முடிக்கும் 2029-ல் என்ன விதி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஓபிடி ஒரு வருஷம், அறிவியல் தொழில்நுட்பப் பாடம் என்றால் மேலும் இரண்டு வருஷம், பிறகு வருஷத்துக்கு 85,000 இடத்துக்கான எச்-1பி தேர்வு என்பது இன்றைய நிலை. இதை நம்பி நிலத்தை விற்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

போன வாரம் பேசினாள். சாப்பாட்டைப் பற்றிப் புலம்பல், ரசம் பொடி அனுப்பச் சொன்னாள். பெர்க்லிக்குப் போன தோழி போடும் போட்டோக்களைப் பார்த்தால் இப்போதும் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறதாம். அதே மூச்சில், கணக்குப் பேராசிரியர் கோடையில் தன்னோடு ஆராய்ச்சி செய்ய வரச் சொல்லியிருக்கிறார் என்றாள். முனைவர் பட்ட மாணவர்களே இல்லாத கல்லூரியில் அந்த வேலை முதல் வருஷப் பிள்ளைக்குக் கிடைக்கிறது. டிசம்பரில் தாத்தாவுக்கு எழுபதாவது பிறந்தநாள், அதற்கு ஊருக்குப் போகிறாளாம். நானும் டிக்கெட் போட்டுவிட்டேன்.

இந்த ஏப்ரலிலும் போன் வர ஆரம்பித்துவிட்டது. "எது பெருசு?" என்று கேட்பவர்களிடம், ஒரு பேப்பர் எடுத்து நடுவில் கோடு போடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். மே 1-க்கு இன்னும் நாள் இருக்கிறது. பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்து எழுதுங்கள். கடைசிக் கேள்விக்கு எந்தப் பக்கம் பதில் எழுத முடிகிறதோ, அந்தப் பக்கம் போங்கள்.